காற்றுக்கு இட்ட கடிவாளம்

கடாரம் என்னும் பெயரைக் கேட்டதும் தமிழறிந்தார் உள்ளத்தில் முதலில் தோன்றுவன கலங்களே. இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டில் இக்கரையைத் தாக்கியது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வணிகக் கலங்கள் குனோங் ஜெராய் மலையைக் குறியாகக் கொண்டு மெர்போக் ஆற்று முகத்துள் நுழைந்தன. பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்கள் அவ்வரவுக்குச் சான்று கூறுகின்றன. அக்கலங்களை இங்குக் கொணர்ந்தது தென்மேற்குப் பருவக்காற்று. திருப்பி அழைத்துச் சென்றது வடகிழக்குப் பருவக்காற்று. கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், காற்றையே ஏவல் கொண்டு கடலில் கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று அவனைப் போற்றுகின்றார். புறநானூற்றின் 66-ஆம் பாட்டைப் பாடஞ் சொல்லாத தமிழாசிரியர் நம்மிடையே அரியர்.

அன்று பாய்மரத்தில் பிடித்த காற்றை இன்று மின்கம்பியில் பிடிக்கின்றனர். நம் முன்னோரின் கலங்களைத் தள்ளிய அதே தென்மேற்குக் காற்று, ஆண்டுதோறும் குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாய்மரத்தில் காற்று பிழைத்தால் ஒரு கலம் தவிக்கும். மின்கம்பியில் காற்று பிழைத்தால் ஒரு நாடே இருளும். ஆகவே காற்றைப் பிடித்தல் ஒரு கலை. பிடித்த காற்றை அடக்கி, மின்வலை தள்ளாடாமல் காத்தல் அதனினும் பெரிய கலை. அக்கலை வளர்ந்த வரலாற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. பெருங்காற்று வீசாத கெடா மாநிலத்தில் இருந்துகொண்டு இதனை ஏன் ஆராய வேண்டும் என்று வினவுவோர்க்கு, ஒரு தோட்டத்து இஞ்சின் கொட்டகையிலிருந்தே விடை கூறத் தொடங்குகின்றேன்.

தோட்டத்து இஞ்சின்

1960-களின் இறுதியில், தென் கெடாவில் நான் பிறந்து வளர்ந்த இரப்பர்த் தோட்டத்தில் மின்விளக்கு மாலை ஏழு மணிக்கு வரும். இரவு பத்து மணிக்குப் போய்விடும். ஆலைக்குப் பின்புறம் இருந்த கொட்டகையில் ஒரு டீசல் இஞ்சின் ஓடும். அதன் ஓசை நிற்கும் முன்பே பாயை விரித்துவிடுவது லயத்து வழக்கம். இஞ்சினைக் கவனித்தவரைச் சிறுவர்களாகிய நாங்கள் 'இஞ்சின் மாமா' என்றே அழைப்போம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஓசையைக் கேட்டே எத்தனை வீடுகளில் விளக்கு எரிகின்றது என்று சொல்லிவிடுவார்.

மாரியம்மன் கோயில் திருவிழா இரவு ஒன்று நினைவில் நிற்கின்றது. கோயிலில் வரிசை விளக்குகளும் ஒலிபெருக்கியும் சேர்ந்தன. சுமை மிகுந்தது, இஞ்சின் முனகியது, விளக்குகள் மங்கிச் செந்நிறமாயின, ஒலிபெருக்கியில் பாடியவர் குரல் இழுபட்டது. இஞ்சின் மாமா லயம் லயமாக நடந்தார். “அண்ணே, வீட்டுக்கு ஒரு விளக்கு போதும், இன்னொன்றை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் எல்லாருக்குமே இருட்டுதான்” என்று கேட்டுக்கொண்டார். வீடுதோறும் ஒரு விளக்கு அணைந்தது. இஞ்சின் மூச்சு விட்டது. திருவிழா நடந்தேறியது. ஆனால் குன்றின்மேல் இருந்த துரை பங்களாவில் எந்த விளக்கும் அணையவில்லை. அங்குச் சென்று கேட்கும் உரிமை இஞ்சின் மாமாவுக்கு இல்லை.

மின்னியலின் பெருஞ் சிக்கல் முழுவதும் அந்த ஓர் இரவில் அடங்கியிருந்தது என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். மின்சாரத்தை நெல்லைப்போல் களஞ்சியத்தில் குவித்துவைத்து வேண்டும்போது அளந்தெடுப்பது எளிதன்று. எந்த நொடியில் எவ்வளவு செலவோ, அந்த நொடியில் அவ்வளவு ஆக்கம் இருத்தல் வேண்டும். செலவு மிகுந்தால் சுழலும் பொறி தளர்கின்றது. செலவு குறைந்தால் அது மிகைவேகம் கொள்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையில் நடுநிலை காப்பதே மின்வலையைக் காப்பது. அந்த நடுநிலைக்காக யார் விட்டுக்கொடுப்பது என்னும் வினாவும் அதனோடு பிறந்ததே.

ஒன்றுபட்ட மின்வலை

மலாயாவில் மின்சாரம் தனித்தனி விளக்குகளாகவே தொடங்கியது. 1894-ஆம் ஆண்டில் ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கியை நிறுவி ஓட்டியதே இந்நாட்டு மின் வரலாற்றின் தொடக்கமாகக் கூறப்படுகின்றது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய அதே தம்புசாமிப் பிள்ளைதான் இவர். சுரங்கத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என நெடுங்காலம் மின்னாக்கிகள் தனித்தே இயங்கின. 1949-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் பெற்றது. 1990-இல் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. இடைப்பட்ட காலத்தில் தீபகற்பம் முழுவதும் ஒரே வலையாகப் பின்னப்பட்டது. நம் தோட்டங்களிலும் கொட்டகை இஞ்சின்களின் ஓசை ஒவ்வொன்றாக அடங்கியது.

வலை ஒன்றானபோது அதிலுள்ள மின்னாக்கிகள் யாவும் ஒரே தாளத்தில் சுழல வேண்டியவை ஆயின. நம் நாட்டிலும் இந்தியாவிலும் அந்தத் தாளம் நொடிக்கு 50 அலைவுகள். இதனை அதிர்வெண் என்பர். ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தாங்கிக்கொள்வது இவ்விணைப்பின் நன்மை. ஒருவர் விழுந்தால் மற்றவரையும் இழுத்து வீழ்த்துவது இதன் தீமை. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் மாலை, திரெங்கானு மாநிலத்துப் பாக்கா மின்நிலையத்தை ஒட்டி எழுந்த கோளாறு ஒன்று, தீபகற்பம் முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. கிழக்குக் கரையில் நேர்ந்த பிழைக்கு மேற்குக் கரையிலுள்ள சுங்கை பட்டாணியும் அலோர் ஸ்டாரும் விளக்கிழந்தன. தோட்டத்து இஞ்சின் நின்றால் ஒரு தோட்டம் இருளும்; ஒன்றுபட்ட வலையில் நிலைமையே வேறு.

ஆலையில் பிறந்த ஆளுகைக் கருவி

இஞ்சினின் வேகத்தை நிலைநிறுத்தும் உறுப்பு ஒன்றுண்டு. 'கவர்னர்' என்று அதனை இஞ்சின் மாமாவும் ஆங்கிலப் பெயராலேயே வழங்குவார். சுழலும் இரண்டு எடைகள் அதன் உள்ளே இருக்கும். வேகம் மிகுந்தால் அவை விலகி விரிந்து எண்ணெய் வரத்தைக் குறைக்கும். வேகம் தளர்ந்தால் நெருங்கி எண்ணெய் வரத்தைக் கூட்டும். நீராவிப் பொறியில் இதனை 1788-இல் பொருத்திய ஜேம்ஸ் வாட்டின் பெயர் உலகறிந்தது. ஆயினும் இக்கருவி பிறந்த இடம் நீராவிப் பொறியன்று, காற்றாலையே. மாவரைக்கும் காற்றாலைகளில் காற்று மிகும்போது அரைகற்களின் இடைவெளியைச் சீர்செய்யச் சுழல் எடைகள் முன்னரே பயன்பட்டன. 1787-இல் தாமஸ் மீட் என்னும் ஆங்கிலேயர் அத்தகைய கருவிக்குக் காப்புரிமையும் பெற்றார். காற்றின் அடங்காமையே மனிதனுக்கு ஆளுகைக் கருவியைக் கற்பித்தது என்று கூறின் மிகையாகாது.

காற்று ஏன் இவ்வளவு அடங்காதது? அதன் ஆற்றல் வேகத்தோடு நேராக வளர்வதில்லை. வேகம் இருமடங்கானால் ஆற்றல் எண்மடங்காகின்றது. சிறு தென்றல் புயலாவதற்குள் ஆலைக்குள் புகும் ஆற்றல் பன்மடங்கு பெருகிவிடுகின்றது. காற்று சற்றே தணிந்தால் அது சரிந்துவிடுகின்றது. டீசல் இஞ்சினுக்கு எண்ணெயைக் கூட்டலாம், குறைக்கலாம். காற்றைக் கூட்டுவார் யார்?

இவ்வினாவோடு முதலில் போராடியவர் டென்மார்க்கு நாட்டின் பால் லா கூர். அஸ்கோவ் என்னும் சிற்றூரில் ஆசிரியராக இருந்த அவர் 1891-இல் காற்றாலையிலிருந்து மின்சாரம் எடுத்தார். காற்றின் ஏற்றத்தாழ்வு மின்னாக்கியைத் தாக்காதிருக்கச் சீராக்கும் கருவி ஒன்றை ஆக்கினார். எஞ்சிய மின்சாரத்தால் நீரைப் பிரித்து நீரகமாகச் சேமித்தார். சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தொடங்கிவைத்த துறை இது என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் நினைவிற்கொள்ளுதல் நலம். அவர்தம் மாணவரான ஜொகான்னஸ் யூல் 1957-இல் கெட்சர் என்னும் இடத்தில் 200 கிலோவாட்டு ஆலை ஒன்றை எழுப்பி, அதனைப் பொது மின்வலையோடு இணைத்தார். காற்று கடுமையானால் இதழ்களின் மேல் ஓடும் காற்றோட்டம் தானே சிதறித் தள்ளுவிசை குறையுமாறு அவற்றின் வடிவத்தை அமைத்தார். ஆபத்து நேர்ந்தால் இதழ் நுனிகள் திரும்பித் தடையாகுமாறு செய்தார். அந்த ஆலை பத்தாண்டுக்கும் மேலாக உழைத்தது.

யூலின் முறையில் மின்வலையே ஆலைக்குக் கடிவாளம். பெரிய வலையின் தாளம் சிறிய ஆலையைத் தன்னோடு கட்டி இழுத்துச் செல்லும். ஒன்றிரண்டு ஆலைகள் இருக்கும்வரை இது நன்று. ஆயிரம் ஆலைகள் சேர்ந்தால் யார் யாரை இழுப்பது? இவ்வினாவுக்கு விடை தேட நேர்ந்த நிலங்களுள் தமிழகமும் ஒன்று.

தென்பாண்டி நாட்டில்

1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த கடற்கரையில், ஒவ்வொன்றும் 55 கிலோவாட்டு ஆற்றலுடைய சிறு காற்றாலைகள் எழுந்தன. இந்தியாவின் முதல் காற்றுப் பண்ணைகளுள் அது ஒன்று. தொடர்ந்து முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு, செங்கோட்டைக் கணவாய், கம்பம் பள்ளத்தாக்கு, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பல்லடம், உடுமலை ஆகிய வட்டாரங்களில் அவை பெருகின. 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றிலேயே பின்னாளில் காற்றாலைகளைச் சோதிக்கும் அரசு நிலையமும் அமைந்தது. இன்று தமிழகத்தில் நிறுவப்பட்ட காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல்.

தொடக்ககால ஆலைகள் எளிமையானவை. அவற்றுள் இருந்த தூண்டல் மின்னாக்கிகள் மின்சாரத்தை ஆக்குமுன் தமக்குள் காந்தப் புலத்தை எழுப்பிக்கொள்ளல் வேண்டும். அதற்குரிய திறனை அவை வலையிலிருந்தே வாங்கின. வேலை ஏதும் செய்யாது கம்பியில் வந்து போகும் இத்திறனை 'எதிர்வினைத் திறன்' என்பர். விருந்துக்கு உணவு கொண்டுவரும் உறவினர், சமைக்கும் பாத்திரத்தை நம் வீட்டிலேயே கேட்பது போன்றது இது. ஒருவர் கேட்டால் கொடுக்கலாம். ஊரே கேட்டால் அடுப்பங்கரை வெறுமையாகும். முப்பந்தல் போன்ற வட்டாரங்களில் காற்று உச்சத்தில் வீசும்போது ஆலைகள் பலவும் ஒருசேர இத்திறனை ஈர்த்தமையால் மின்னழுத்தம் தாழ்ந்தது. அழுத்தம் தாழ்ந்தால் ஆலைகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே விலகின. ஆலைதோறும் மின்தேக்கிகளைப் பொருத்துதல், எதிர்வினைத் திறனை ஈர்ப்போரிடம் தனிக்கட்டணம் வாங்குதல் ஆகிய வழிகளால் இக்குறை ஓரளவு தணிக்கப்பட்டது.

மற்றொரு சிக்கல் காலத்தைப் பற்றியது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. தமிழகத்தின் காற்றுப் பருவம் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. அம்மாதங்களில் நள்ளிரவிலும் காற்று ஓயாது, மக்களோ உறங்குவர். செலவு குறைந்த அந்நேரத்தில் அனல் நிலையங்களை ஓரளவுக்குமேல் தணிக்க இயலாது. ஆகவே ஆலைகளை நிறுத்துமாறு கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆணை வரும். ஆலை வைத்திருப்போர் இழப்பைச் சொல்லி முறையிட்டனர். வலையைக் காப்போர் அதிர்வெண்ணைச் சொல்லி மறுமொழி கூறினர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

காற்று நின்ற மாதங்களின் துன்பம் வேறு வகையது. 2012-ஆம் ஆண்டில் தமிழகம் கடும் மின்பற்றாக்குறையில் தவித்தபோது, தலைநகராகிய சென்னையில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றது. பிற மாவட்டங்கள் பலவற்றில் பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்றது. காற்றாலைகளுக்கு இடங்கொடுத்த தென்மாவட்டங்களும் கோவை வட்டாரமும் அவ்விருளில் அடங்கும். குன்றின்மேல் பங்களா ஒளிர, லயம் இருண்ட அந்தத் திருவிழா இரவு இதனைக் கேள்வியுற்றபோது எனக்கு நினைவு வந்தது.

விலகி ஓடிய துணைகள்

காற்றாலைகள் மிகுந்த நாடுகள் யாவும் இரு பேரிடர்களிலிருந்து பாடம் கற்றன. முதலாவது ஐரோப்பாவில் நேர்ந்தது. 2006-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இரவு, செருமனியின் எம்சு ஆற்றில் பெருங்கப்பல் ஒன்று செல்வதற்காக, ஆற்றைக் கடந்த உயரழுத்த மின்தொடரை நிறுத்தினர். அதன் சுமை பிற தொடர்களில் ஏறியது; அவை ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன; ஐரோப்பிய வலை மூன்று துண்டுகளாயிற்று. மேற்குத் துண்டில் ஆக்கம் போதாமல் அதிர்வெண் வீழ்ந்தது. கைகொடுக்க வேண்டிய அந்நேரத்தில் அங்கிருந்த காற்றாலைகள் பல, வீழ்ச்சியைக் கண்டதும் விலகிக்கொண்டன. வடகிழக்குத் துண்டில் ஆக்கம் மிகுந்து அதிர்வெண் ஏறியிருந்தது. அங்கோ விலகிய ஆலைகள் எவரையும் கேளாமல் தாமே திரும்ப வந்து இணைந்து, ஏற்றத்தை மேலும் ஏற்றின. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வீடுகள் மின்சாரம் இழந்தன.

இரண்டாவது ஆஸ்திரேலியாவில் நேர்ந்தது. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் தெற்கு ஆஸ்திரேலியாவைச் சூறைக்காற்று தாக்கி, மின்கோபுரங்களைச் சாய்த்தது. சில மணித்துளிகளுக்குள் மின்னழுத்தம் பலமுறை சரிந்தது. காற்றாலைகள் முதல் சில சரிவுகளைத் தாங்கின. ஆனால் குறித்த நேரத்துக்குள் இத்தனை முறைக்குமேல் தாங்க வேண்டா என்று அவற்றுள் முன்னரே ஓர் அமைப்பு பதிந்திருந்தது. அந்த எண்ணிக்கை நிறைந்ததும் 456 மெகாவாட்டு சில நொடிகளில் மறைந்தது. அண்டை மாநிலத்தோடு இணைத்த தொடரும் சுமை தாளாமல் அறுந்தது. மாநிலம் முழுவதும் இருண்டது. புயல்தான் கோபுரங்களைச் சாய்த்தது. எனினும் ஆலைகளுள் பதிந்திருந்த அந்த எண்ணிக்கையை வலையைக் காப்போர் அறியாதிருந்தமை கேட்டை முற்றச் செய்தது. பின்னர் அவ்வமைப்புகள் திருத்தப்பட்டன. பெரிய மின்கலத் தொகுதி ஒன்றும் 2017-இல் ஆங்கு நிறுவப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எந்தப் பொறியும் தன்னளவில் தவறு செய்யவில்லை. ஒவ்வொன்றும் தன்னைக் காத்துக்கொண்டது. எல்லாம் தம்மைக் காத்துக்கொண்டமையால் எல்லாம் வீழ்ந்தன. காற்றாலைக்கு இட்ட கடிவாளத்தின் வரலாற்றில் திருப்புமுனை இவ்வுணர்வே. ஆலைகள் சிலவாக இருந்தபோது, 'கோளாறு நேர்ந்தால் விலகிக்கொள்' என்பதே அவற்றுக்கு இட்ட விதி. பலவாகியபின் விதி தலைகீழாயிற்று: 'கோளாறு நேர்ந்தாலும் விலகாதே, நின்று தாங்கு' என்றாயிற்று. செருமனியும் டென்மார்க்கும் 2006-க்கு முன்பே இத்தகைய விதிகளை வகுக்கத் தொடங்கியிருந்தன. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 2013-இல் வெளியிட்ட திருத்தம், புதிய காற்றாலைகள் மின்னழுத்தச் சரிவைச் சிறிது நேரம் தாங்கி நிற்றல் வேண்டும் என விதித்தது.

விதி இருந்தால் போதுமா? அதற்கேற்ற உடலும் வேண்டும். இக்காலத்து ஆலைகளில் இதழ்கள் தம் அச்சில் திரும்பி, காற்றை ஏற்கும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன. குறைகடத்திக் கருவிகள் ஆலையின் சுழற்சிக்கும் வலையின் தாளத்துக்கும் இடையே நின்று, வேண்டும் எதிர்வினைத் திறனை வாங்குவதற்கு மாறாக வழங்குகின்றன. பாத்திரம் கேட்டு வந்த உறவினர், இன்று பாத்திரத்தோடு வருகின்றார் எனலாம்.

ஆயினும் இதனால் புதுக்குறை ஒன்றும் முளைத்தது. குயவர் கைவிட்ட பின்னும் சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பது போல, பழைய மின்னாக்கிகளின் பெரும் எடை, திடீர்ச் சுமையின்போது வலையைச் சில நொடி தாங்கும். குறைகடத்தியின் பின்னால் நிற்கும் ஆலையின் எடையோ வலைக்குத் தெரிவதில்லை. ஆகவே அதிர்வெண் சரியும்போது சுழலும் இதழ்களில் தேங்கிய ஆற்றலைச் சில நொடி கூடுதலாக ஈந்திடுமாறு ஆலைகளுக்குக் கற்பிக்கின்றனர். கனடாவின் கியூபெக் மாநிலம் 2000-களின் நடுவிலேயே இதனை விதியாக்கியது.

இணைந்தும் இணையாமலும்

2012-ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் வட இந்தியாவும் கிழக்கு, வடகிழக்கு இந்தியாவும் இருண்டன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. தென்னிந்தியா தப்பியது. அக்காலத்தில் தென்னக வலை வடக்கோடு நேர்மின்னோட்டத் தொடர்களால் மட்டுமே இணைந்திருந்தது. நேர்மின்னோட்டத்தில் அதிர்வெண் இல்லை. ஆகவே மின்சாரம் கைமாறும், தள்ளாட்டம் கைமாறாது. 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர்த் தொடர் வழியே தெற்கும் வடக்கும் ஒரே தாளத்தில் இணைந்தன. தமிழகத்துக் காற்று தள்ளாடினால் தாங்குவதற்கு அன்று முதல் இமயம்வரை தோள்கள் கிடைத்தன. அத்துடன், சத்தீசுகரின் ராய்கரையும் தமிழகத்தின் புகலூரையும் இணைக்கும் 6,000 மெகாவாட்டு நேர்மின்னோட்டத் தொடரும் 2021-இல் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. காற்றில்லா மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே மின்சாரம் கொணரவும், காற்று மிகுந்த மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே அனுப்பவும் அது வல்லது. பருவக்காற்றில் வந்து பருவக்காற்றில் திரும்பிய கலங்களை இது நினைவூட்டுகின்றது அன்றோ?

ஆனைமலையிலுள்ள காடம்பாறை நிலையமும் இப்பணியில் துணைநிற்பது. 1980-களின் இறுதியில் அமைந்த 400 மெகாவாட்டு நிலையம் அது. மின்சாரம் மிகும்போது கீழ் நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றும். குறையும்போது அதனை இறக்கி மின்சாரம் எடுக்கும். நெல்லைப்போல் குவிக்க இயலாத மின்சாரத்தை நீராக மாற்றிக் குவிக்கும் களஞ்சியம் என அதனைச் சொல்லலாம்.

கெடாவுக்கு வரும் பாடம்

கெடாவில் காற்றாலைகள் இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் காற்று மென்மையானது. திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவில் 2007-இல் நிறுவப்பட்ட இரண்டு 100 கிலோவாட்டு ஆலைகளும், அவற்றுக்குத் துணையாகச் சூரியத் தகடுகளும் டீசல் இஞ்சினும் வைக்கப்பட்டமையும், காற்றை மட்டும் நம்ப இயலாத நிலையை நன்கு காட்டும். எனினும் நாம் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை.

தாய்லாந்தின் வலையையும் நம் வலையையும் இணைக்கும் 300 மெகாவாட்டு நேர்மின்னோட்டத் தொடர், 2000-களின் தொடக்கத்திலிருந்து கெடாவின் குரூணில்தான் வந்து முடிகின்றது. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீண்ட அத்தொடரின் மறுமுனை சொங்க்லா மாநிலத்துக் குளோங் இங்ஙே. இரு நாட்டு வலைகளும் கைகோத்தும் கால்பிணையாமல் நிற்பது இதனாலேயே. அதே குரூண் வட்டாரத்தில் 2018-இன் இறுதியில் பெருஞ் சூரியமின் நிலையம் ஒன்று மின்வழங்கத் தொடங்கியது. பின்னர் புக்கிட் செலாம்பாவிலும் ஒன்று எழுந்தது. காற்றின் குத்து எப்படியோ, சூரியனுக்கு மேகம் அப்படியே. பிற்பகல் இடிமழைக்கு முன் ஒரு கருமேகம் கடக்கும் மணித்துளிகளில் நிலையத்தின் ஆக்கம் சரிந்து மீளும். மாலையில், வீடுகள் விளக்கேற்றும் வேளையில், சூரியன் முற்றும் விடைபெற்றுக்கொள்ளும். மறுபுறம், 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் குறைகடத்தி ஆலைகள் இயங்குகின்றன. ஒரு நொடி மின்னழுத்தம் சரிந்தாலும் அவற்றின் நுண்பொருள்கள் பாழாகக்கூடும். அவ்வாலைகளில் உழைப்போருள் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் உளர். அவர்தம் பிழைப்பும் அந்த 50 அலைவுகளின் மேல் நிற்கின்றது.

ஆகவே முப்பந்தலில் கற்ற பாடம் குரூணுக்கும் உரியது. நிலைப்பு என்பது இயற்கையாய் வாய்ப்பதன்று. பங்கிட்டுச் சுமப்பதால் வருவது. இடர் வரும்போது யார் நின்று தாங்குவது, யார் ஒரு விளக்கை அணைப்பது, யாரை நள்ளிரவில் நிறுத்தச் சொல்வது என்பன வெறும் பொறியியல் வினாக்கள் அல்ல, அறவினாக்களும் ஆகும். அவற்றை முடிவுசெய்யும் அறைகளில் நம்மவரும் அமர்தல் வேண்டுமாயின், அத்துறையைக் கற்றல் வேண்டும். அதிர்வெண், எதிர்வினைத் திறன், நேர்மின்னோட்டம் என்பவற்றைத் தமிழ்ப்பள்ளி மாணவன் தன் மொழியிலேயே முதலில் விளங்கிக்கொண்டால், பின்னர் எம்மொழியிலும் அஞ்சாமல் கற்பான். புறநானூற்று வகுப்பில் காற்றை ஆண்டவனைப் பற்றிச் சொல்லும்போதே, இன்று காற்றை ஆள்வது எங்ஙனம் என்றும் ஆசிரியர் ஐந்து மணித்துளி சொல்லலாம்.

நான் பிறந்த தோட்டம் இன்று இல்லை. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, இரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. இஞ்சின் மாமாவும் மறைந்து நெடுங்காலமாயிற்று. வீடு வீடாக நடந்து அவர் கேட்டதை இன்று கட்டுப்பாட்டு அறைகள் நொடிப்பொழுதில் கேட்கின்றன. அவர் செல்ல முடியாத குன்றின்மேலும் அக்கேள்வி செல்கின்றதா என்பதைக் கவனித்துக்கொண்டிருப்பது, படித்து மேலே வந்த அவர்தம் பேரப்பிள்ளைகளின் கடமையாகும்.